நோன்னாவின் சமையலறையில் நீயும் நீங்களும்

வரும் செப்டம்பரில் பரிமாற்ற மாணவியாக இத்தாலிக்குப் புறப்படவிருக்கும் தங்கை ஒருத்தி, விடுதியில் அறை எடுப்பதா, ஒரு குடும்பத்தோடு தங்குவதா என்று போன வாரம் சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடி நிலையத்தில் உட்கார்ந்து என்னிடம் கேட்டாள். குடும்பத்தோடு தங்கு என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் என்று அவள் கேட்டபோது, வீட்டுச் சாப்பாடு கிடைக்கும், மொழி விரைவில் வரும், பெற்றோருக்கும் நிம்மதி என்று எல்லாரும் சொல்வதையே நானும் சொன்னேன். என் மனத்தில் இருந்தது வேறு. அதைச் சொல்லி முடிக்க ஒரு கோப்பைத் தேநீர் ஆறும் நேரம் போதாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

2024 செப்டம்பர் நடுவில் பொலோஞ்ஞாவுக்குப் போய், 2025 பிப்ரவரிக் கடைசியில் திரும்பினேன். ஊரின் பெயரை முதலில் சரியாகச் சொல்லிக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘போலோக்னா’ என்று படிக்கிறவர்கள் உண்டு. ஆனால் அவ்வூரார் வாயில் வருவது நம் ‘விஞ்ஞானம்’ என்ற சொல்லின் நடுவில் நிற்கும் ஞ்ஞ ஒலிதான். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது தானாகவே வரும். அங்குள்ள பல்கலைக்கழகம் 1088 ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொண்டாடுகிறது. மேலை உலகில் அதைவிடப் பழைய பல்கலைக்கழகம் இல்லை என்பார்கள். வரலாறு படிக்கும் எனக்கு அந்தப் பெயரே போதுமானதாக இருந்தது. ஆனால் திரும்பி வந்து ஓராண்டுக்கு மேல் ஆன இப்போது எண்ணிப் பார்த்தால், முதலில் கண்முன் வருவது விரிவுரை மண்டபங்கள் அல்ல. சரகோசா என்னும் நகர வாயிலுக்கு வெளியே, மூன்றாம் மாடியில் இருந்த ஒரு சமையலறை.

வீட்டுக்கு உரியவர் எழுபத்து நான்கு வயதான கைம்பெண். அவரோடு, பள்ளி ஆசிரியையான மகளும் மருமகனும் பத்து வயதுப் பேரனும் இருந்தார்கள். இத்தாலிய மொழியில் பாட்டியை ‘நோன்னா’ என்பார்கள். பேரன் கூப்பிடுவதைக் கேட்டு நானும் மனத்துக்குள் அவரை அப்படித்தான் குறித்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொன்னதென்னவோ ‘சிஞ்ஞோரா’ என்றுதான். நம் ஊரில் மின்தூக்கியில் பார்க்கும் முகம் தெரியாத பெரியவரையும் ‘ஆண்ட்டி’, ‘அங்கிள்’ என்று சொல்லி ஒரு நொடியில் உறவாக்கிக்கொள்கிறோம். அங்கே அந்த வசதி இல்லை. சிஞ்ஞோரா என்பது மரியாதையான சொல், ஆனால் அதில் உறவு இல்லை.

அந்த நகரில் கால் வைத்த முதல் நாளிலேயே எனக்கு வீட்டு நினைவு வந்தது எதனால் என்றால், தூண்களும் வளைவுகளுமாகத் தெருவோரமெங்கும் தொடரும் கூரையிட்ட நடைபாதைகளால்தான். ‘போர்த்திக்கோ’ என்று அவற்றைச் சொல்கிறார்கள். நகரிலும் சுற்றுப்புறத்திலுமாக 62 கிலோமீட்டர் நீளத்துக்கு அவை இருக்கின்றன. 2021 இல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுடைமையாக அறிவித்தது. 1288 ஆம் ஆண்டிலேயே அந்நகரம், வீடு கட்டுகிறவர்கள் தெருப்பக்கம் இத்தகைய நடைபாதை விட வேண்டும் என்றும், குதிரையில் அமர்ந்து போகிறவர் தலை இடிக்காத உயரம் இருக்க வேண்டும் என்றும் சட்டம் இயற்றியது. சிராங்கூன் சாலைக் கடைவீடுகளின் முன்னால் நாம் நடக்கும் ஐந்தடிப் பாதை நினைவுக்கு வருகிறதல்லவா? 1822 இல் ஆங்கிலேய நிர்வாகி ராஃபிள்ஸ் சிங்கப்பூரின் நகரத் திட்டத்துக்கு வகுத்த விதிகளில், ஒவ்வொரு வீட்டின் முகப்பிலும் தெரு நெடுகத் தொடர்ந்து செல்லும் கூரையிட்ட வழி வேண்டும் என்பதும் ஒன்று. இரண்டு ஊர்களுக்கும் இடையில் ஐந்நூறு ஆண்டு இடைவெளி. ஆனால் மழையில் நனையாமல் கடைக்குப் போய்வரும் சுகம் ஒன்றே. எங்கள் தெருமுனையில் தொடங்கும் போர்த்திக்கோ 666 வளைவுகளோடு ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் போய், குன்றின்மேல் இருக்கும் சான் லூக்கா மாதா கோயிலில் முடிகிறது. ஞாயிறுதோறும் நோன்னா அதில் பாதி தூரமாவது நடந்துவிட்டு வருவார்.

தாள்வேலைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத ஒருவரை வீட்டில் தங்கவைத்தால் 48 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். நாம் இறங்கிய எட்டு வேலை நாள்களுக்குள் தங்கும் அனுமதிக்கு அஞ்சலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதில் ஒட்ட 16 யூரோ முத்திரைவில்லை வாங்க வேண்டும். 16 எழுத்தும் எண்ணும் கலந்த வரி அடையாளக் குறியீடு ஒன்றும் வாங்கிக்கொள்ள வேண்டும். இதற்கெல்லாம் மகள் என்னோடு வந்தார். விடுதியில் தங்கிய நண்பர்கள் இவற்றுக்காகத் தனியே அலைந்த கதைகளைக் கேட்டபோதுதான் எனக்குக் கிடைத்த உதவியின் அளவு தெரிந்தது.

முதல் இரவு உணவில் ஒரு சங்கடம் நேர்ந்தது. நான் மாட்டிறைச்சி உண்பதில்லை என்று, குடும்பத்தைத் தேடிக் கொடுத்த நிறுவனத்தின் படிவத்தில் தெளிவாக எழுதியிருந்தேன். அந்தச் செய்தி வீட்டுக்குப் போய்ச் சேரவே இல்லை. பொலோஞ்ஞாவின் பெருமையே ‘ராகூ’ என்னும் இறைச்சிக் குழம்புதான். மாட்டிறைச்சியைப் பொடியாக நறுக்கி, தக்காளியும் காய்களும் சேர்த்து, மணிக்கணக்கில் சிறு தீயில் வைத்துச் சமைப்பார்கள். எனக்காக நோன்னா காலையிலிருந்து அடுப்பருகில் நின்றிருக்கிறார். கையால் வெட்டிய தல்யாத்தெல்லே என்னும் மாவு நாடாக்களின்மேல் அந்தக் குழம்பை ஊற்றி, தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, நான் முதல் வாய் எடுப்பதைப் பார்க்க எதிரே உட்கார்ந்தார். நான் எதைச் சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்பது இன்று நினைவில்லை. அவர் முகம் ஒரு கணம் வாடியதும், மறுகணமே எழுந்து அடுப்பில் மறுபடி தண்ணீர் வைத்ததும் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. பத்து நிமிடத்தில் வெண்ணெயும் பார்மிஜானோ பாலாடைக்கட்டித் துருவலும் சேர்த்த வேறொரு தட்டு வந்தது. மறுநாள் காலையில் குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘மன்ஸோ’ மாட்டிறைச்சி, ‘வித்தெல்லோ’ கன்றிறைச்சி, ‘பிரெசாவொலா’ உப்பிட்டு உலர்த்திய மாட்டிறைச்சி என, அந்த வீட்டில் எனக்காகத் தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியலை அவர் எழுதி ஒட்டியிருந்தார். நான் இத்தாலிய மொழியில் மனப்பாடம் செய்த முதல் சொற்கள் அவை.

அதன்பின் ஏறக்குறைய நான்கு வாரங்கள் நான் நல்ல விருந்தாளியாக இருந்தேன். நன்றி சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன், சாப்பிட்டு முடித்ததும் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அறைக்குள் நுழையும்போது உத்தரவு கேட்கும் ‘பெர்மெஸ்ஸோ’ என்ற சொல்லைச் சமையலறை வாசலில் நின்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். என்னால் யாருக்கும் தொந்தரவு இல்லை. யாருக்கும் என்னால் பயனும் இல்லை. இரவு மேசையில் அவர்கள் நால்வரும் ஒரே நேரத்தில் பேசுவதில் பத்தில் ஒரு பங்குதான் புரியும். அக்டோபர் தொடக்கத்தில் குளிர் கூடியபோது, வெப்பமூட்டியை ஏன் போடவில்லை என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பகுதியில் அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரைதான் வீடுகளில் வெப்பமூட்டச் சட்டம் இடம் தருகிறது என்பது பிறகே தெரிந்தது. ஆண்டு முழுதும் ஒரே வெயிலில் வளர்ந்த உடம்பு, இரண்டு போர்வைக்குள் சுருண்டு கிடந்து சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கும் எங்கள் வீட்டை நினைத்துக்கொண்டது.

இந்த நிலையை மாற்றியது ஒரு மின்தடை. ஒரு மாலை நான் குளித்துவிட்டு வந்து முடி உலர்த்தும் கருவியைப் போட்டேன். அதே கணத்தில் வீடு முழுவதும் இருண்டது. சமையலறையில் மின் அடுப்பில் ஏதோ வெந்துகொண்டிருந்தது, துணி துவைக்கும் இயந்திரமும் ஓடிக்கொண்டிருந்தது. இத்தாலியில் பெரும்பாலான வீடுகளுக்கு மின்னிணைப்பின் அளவே 3 கிலோவாட்தான். இரண்டு பெரிய கருவிகள் ஓடும்போது மூன்றாவதைப் போட்டால் மீட்டர் தானே இணைப்பைத் துண்டித்துவிடும். அதைத் திரும்பப் போட யாராவது கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போக வேண்டும். முழங்கால் வலியுள்ள அந்த அம்மையார் கைவிளக்கோடு படியிறங்கப் போவதைக் கண்டு நான் கூசிப்போனேன். ஓடிப்போய் நானே இறங்கி, அவர் மேலிருந்து சொல்லச் சொல்ல விசையைத் தூக்கிவிட்டு வந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. “நீ அறைக்குள்ளேயே இருந்தால் அடுப்பு எரிவது உனக்கு எப்படித் தெரியும்? இங்கே வந்து உட்கார்” என்று மெதுவாக, எனக்குப் புரியும்படி சொல்லி, ஒரு பாலாடைக்கட்டித் துண்டையும் துருவியையும் என் கையில் கொடுத்தார்.

அன்று துருவத் தொடங்கியவள், அடுத்த நாளிலிருந்து மேசை போடும் பொறுப்பையும் ஏற்றேன். தட்டுக்கு இடப்புறம் முள்கரண்டி, வலப்புறம் கத்தி, தண்ணீருக்கும் மதுவுக்கும் தனித்தனிக் குவளை, பேரனுக்கு மட்டும் நீலக் குவளை. பிறகு வெங்காயம் நறுக்கல். நவம்பரில் மாவு. நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை, தண்ணீர் கிடையாது. பலகைமேல் மாவைக் குழித்து நடுவில் முட்டையை உடைத்து ஊற்றிப் பிசைந்து, அரைமணி நேரம் மூடி வைத்து, ஒரு மீட்டருக்குக் குறையாத உருட்டுக்கட்டையால் தேய்க்க வேண்டும். தேய்த்த மாவுத் தாளைச் சாளரத்தில் பிடித்தால் அதன் வழியே சான் லூக்கா தெரிய வேண்டும் என்பது அவ்வூரில் வழங்கும் அளவு. வேறோர் அளவும் உண்டு. வெந்த தல்யாத்தெல்லேயின் அகலம் 8 மில்லிமீட்டர் என்று 1972 இல் அந்நகர வர்த்தகச் சபையில் பதிவு செய்து, தங்கத்தில் ஒரு மாதிரியும் செய்து வைத்திருக்கிறார்கள். நோன்னாவின் கத்திக்கு அளவுகோல் தேவைப்படவில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கள் பாட்டி முறுக்கு மாவைத் தொட்டுப் பார்த்தே “இன்னும் ஒரு கை தண்ணி” என்று சொல்வாரே, அதே விரல்கள்தாம் இவை என்று எனக்குப் பட்டது.

மொழி எனக்குக் கிடைத்தது அந்தப் பலகையின் அருகில்தான். வகுப்பில் வினைச்சொல்லின் அட்டவணைகளை எழுதிக்கொண்டிருந்தேன். இங்கே அந்த வினைகள் கையோடு வந்தன. துருவு, கிளறு, ருசி பார், மேசை போடு. ‘கிராத்தூஜா’, ‘மெஸ்கொலா’, ‘அஸ்ஸாஜ்ஜா’, ‘அப்பரெக்கியா’. தவறாகக் கேட்டால் தவறான வேலை நடக்கும். உடனே திருத்தம் வரும். ஒரு சொல்லை மூன்று முறை செய்து பார்த்தபின் அது மறப்பதில்லை.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு பிறவி உதவி இருப்பதையும் கண்டேன். இத்தாலிய மொழியில் ஒற்று இரட்டித்தால் பொருள் மாறும். ‘ஸெத்தெ’ என்பதில் தகரத்தை ஒற்றையாகச் சொன்னால் தாகம்; அழுத்தி இரட்டித்தால் ஏழு. ‘கபெல்லோ’ முடி, ‘கப்பெல்லோ’ தொப்பி. என் வகுப்பில் வேறு நாட்டு மாணவர்கள் இதைக் காதில் பிரித்துக் கேட்கவே திண்டாடினார்கள். பலிக்கும் பல்லிக்கும், கனிக்கும் கன்னிக்கும் வேறுபாடு கேட்டு வளர்ந்த காதுக்கு அது சிரமமே இல்லை. சொல்லின் கடைசியில் உயிரொலி வருவதும் நம் வாய்க்குப் பழக்கம்தான். எங்கள் பாட்டி ‘சிங்கப்பூரு’ என்பார்; நோன்னா ‘சிங்கப்போரே’ என்பார். பள்ளியில் தமிழை ஒரு பாடமாக மட்டும் பார்த்து, தேர்வு முடிந்ததும் புத்தகத்தை மூடிவைத்தவர்களில் நானும் ஒருத்தி. பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து இன்னொரு மொழியைக் கற்கும்போது அந்தத் தமிழே வந்து கை கொடுத்தது எனக்குப் பெரிய நன்றியுணர்வைத் தந்தது.

ஆனால் ஓரிடத்தில் அதே தமிழ் என்னைத் தடுத்தது. இத்தாலிய மொழியில் முன்னிலைக்கு இரண்டு சொற்கள். நெருங்கியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ‘தூ’. மரியாதைக்கு ‘லேய்’, அதன் நேர்ப்பொருள் ‘அவள்’. எதிரே இருப்பவரைப் படர்க்கையில் வைத்துப் பேசுவதே அங்கே மரியாதை. நோன்னா எனக்கு இட்ட ஏவல்கள் எல்லாம் தூ வடிவில் இருந்தன. நான் அவருக்குச் சொன்னவை எல்லாம் லேய் வடிவில். வேறுபாடு பெரும்பாலும் கடைசி உயிரெழுத்தில்தான் இருக்கும். ‘அஸ்ஸாஜ்ஜா’ என்றால் ருசித்துப் பார். ‘அஸ்ஸாஜ்ஜி’ என்றால் ருசித்துப் பாருங்கள். ‘ஐ மஞ்ஜாத்தோ’ என்றால் சாப்பிட்டாயா. ‘ஆ மஞ்ஜாத்தோ’ என்றால் சாப்பிட்டீர்களா. நவம்பர் கடைசியில் ஒருநாள் மாவைத் தேய்த்துக்கொண்டே அவர் சொன்னார்: இரண்டு மாதமாக என் அடுப்படியில் நிற்கிறாய், இன்னும் எனக்கு லேய் சொல்கிறாய், வங்கியில் இருப்பவர்கள்தாம் என்னிடம் அப்படிப் பேசுவார்கள்.

அவர் வருத்தப்பட்டதை நான் உணர்ந்தேன். ஆனாலும் சொல்ல வரவில்லை. எழுபத்து நான்கு வயதுப் பெண்மணியின் முகத்தைப் பார்த்து ‘தூ’ என்று சொல்ல எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கு வாய் எழும்? அந்த ஒலி தமிழில் எதற்கு வழங்குகிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஒலியை விட்டாலும், பாட்டியிடம் ‘நீ’ என்று பேசி நான் அறியேன். இந்த இரண்டு சொல்லையும் தவிர்த்துப் பேசலாம் என்று முயன்றேன், முடியவில்லை. தமிழைப் போலவே அங்கும் வினைமுற்று ஆளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பாட்டியை நீங்கள் என்று சொல்லும் நானே அம்மாவிடம் நீ என்றுதானே பேசுகிறேன், அதில் மரியாதை எங்கே குறைந்தது என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். கோயிலில் பாடும் தேவாரத்தில் இறைவனையே நீ என்றுதானே அழைக்கிறோம் என்றும் எண்ணினேன். எண்ணம் ஒத்துக்கொண்டது; நாக்கு ஒத்துக்கொள்ளவில்லை. லேய் என்பதை அவர் தூரமாகக் கேட்கிறார், நீங்கள் என்பதை நான் அன்பாகச் சொல்கிறேன், இரண்டும் ஒரே சொல் இல்லை என்று அவருக்கு விளக்க அப்போது என்னிடம் இருந்த இத்தாலிய மொழி போதவில்லை.

டிசம்பர் முதல் ஞாயிறு, மருமகன் எங்களைக் காரில் வடக்கே கஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்ற சிற்றூருக்கு அழைத்துப் போனார். நான் கேட்டுக்கொண்ட பயணம் அது. வீரமாமுனிவர் பிறந்த ஊர். 1680 இல் அங்கே பிறந்த கொன்ஸ்தான்ஸோ பெஸ்கி, முப்பது வயதில் இந்தியாவுக்கு வந்து, பிறகு தமிழைக் கற்று, 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடினார். சொற்களுக்குச் சதுரகராதி தொகுத்தார். எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் கண்டதும் பிரித்தறியும் எழுத்து வடிவங்களைத் தந்தார். சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை இருப்பதைச் சொன்னபோது வீட்டார் வியந்தார்கள். அந்தப் பெயரையே அவர்கள் கேள்விப்பட்டிருக்கவில்லை. நான் வேறொன்றை எண்ணி வியந்தேன். இத்தாலிய எழுத்திலும் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் திறந்த ஒலி, மூடிய ஒலி என இவ்விரண்டு உண்டு. ஆனால் எழுத்து ஒன்றுதான். ‘பெஸ்கா’ என்று எழுதியிருப்பதை, ஏட்டு வழக்கின்படி வாயைத் திறந்து சொன்னால் பீச் பழம், ஒடுக்கிச் சொன்னால் மீன்பிடித்தல். தம் தாய்மொழி எழுத்தில் காட்டாத ஒலி வேறுபாட்டுக்கு நிகரான ஒன்றைத் தமிழில் கேட்டு, அதற்கு வரிவடிவம் கொடுத்திருக்கிறார் அந்த மனிதர். எவ்வளவு கூர்ந்து கேட்டிருக்க வேண்டும்!

புனித லூயிஜி கொன்ஸாகாவின் பெயரில் அங்குள்ள பேராலயத்தில் நாங்கள் பூசைக்கு அமர்ந்தோம். “அந்நிய ஊரில் அவரை யார் சேர்த்துக்கொண்டார்கள்?” என்று நோன்னா என் காதருகே கேட்டார். ஏலாக்குறிச்சியில் அவர் மாதாவுக்குக் கோயில் எழுப்பியதையும், அந்த மாதாவுக்கு ‘அடைக்கல மாதா’ என்று பெயர் வழங்குவதையும் சொல்லி, அடைக்கலம் என்றால் ‘ரிஃபூஜோ’ என்றேன். அவர் தலையசைத்து, அந்தத் தமிழ்ச் சொல்லைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு எல்லாரும் எழுந்து ‘எங்கள் தந்தையே’ என்ற செபத்தைச் சொன்னார்கள். நம் ஊர்த் தேவாலயங்களில் தமிழில் ‘உமது பெயர்’ என்று சொல்லுமிடத்தில் அவர்கள் ‘உன் பெயர்’ என்றே சொன்னார்கள். நோன்னாவின் குரல் என் பக்கத்தில் தனியாகக் கேட்டது. அந்த ‘உன்’ அவ்வளவு பணிவாக இருந்தது.

படிப்பைப் பற்றி ஒரு வரியும் சொல்லாமல் விட்டால் தங்கை கோபிப்பாள். அங்கே தேர்வுகள் பெரும்பாலும் வாய்மொழித் தேர்வுகள். பேராசிரியருக்கு எதிரே அமர்ந்து பேச வேண்டும். மதிப்பெண் முப்பதுக்கு, பதினெட்டு எடுத்தால் தேர்ச்சி. கிடைத்த மதிப்பெண் பிடிக்காவிட்டால் ஏற்க மறுத்து மறுபடி தேர்வுக்கு அமரவும் வழியுண்டு. இடைக்கால நகராட்சிகளைப் பற்றிய என் தேர்வுக்கு முந்தின வாரம் முழுதும், நோன்னா பயறு பொறுக்கிக்கொண்டே கேள்வி கேட்க, நான் பாத்திரம் துடைத்துக்கொண்டே பதில் சொன்னேன். இருபத்தேழு கிடைத்தது.

கிறிஸ்துமஸ். அதற்கு மூன்று நாள் முன்பிருந்தே வீட்டில் தொர்த்தெல்லீனி மடிக்கும் வேலை. மூன்று விரற்கடைச் சதுரமாக மாவை வெட்டி, பன்றியிறைச்சியும் மோர்த்தாதெல்லா என்னும் பதப்படுத்திய இறைச்சியும் பாலாடைக்கட்டியும் சாதிக்காயும் அரைத்த பூரணத்தைச் சுண்டைக்காய் அளவு வைத்து, முக்கோணமாக மடித்து, சுண்டுவிரலைச் சுற்றி வளைத்து முனைகளை ஒட்ட வேண்டும். சோமாசு ஓரம் மடித்த கை எனக்கு. இரண்டாம் நாளில் என் தொர்த்தெல்லீனியையும் மகள் செய்ததையும் பேரனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதைத் தெளிந்த எலும்புச் சாற்றில் போட்டுத்தான் பரிமாறுவார்கள். தலைமுறை தலைமுறையாக அந்தச் சாறு, காயடித்த சேவலோடு மாட்டிறைச்சியும் மாட்டெலும்பும் சேர்த்துக் கொதிக்கவைப்பது. அன்று காலை நான் சமையலறைக்குப் போனபோது பானையில் சேவல் மட்டும் இருந்தது. நான் பானையைப் பார்ப்பதை நோன்னா பார்த்தார். குளிர்பெட்டிக் கதவில் இருந்த தாளைக் கரண்டியால் சுட்டிவிட்டு, நுரையை எடுக்கத் திரும்பிக்கொண்டார். அந்த வீட்டில் ஆண்டுக்கு ஒரு முறை வரும் சாறு அது.

பிற்பகல் ஒன்றரை மணிக்கு, சிங்கப்பூரில் இரவு எட்டரை. சாப்பிட்டு முடித்த மேசையில் கைப்பேசியைக் குவளைமேல் சாய்த்து வைத்து வீட்டுக்குக் காணொளி அழைப்புப் போட்டேன். ஈசூன் வீட்டு வரவேற்பறை, அம்மா, அப்பா, நடுவில் பாட்டி. பாட்டிக்குத் தயக்கமே இல்லை. ஐம்பது ஆண்டுகளாக அக்கம்பக்கத்து மலாய், சீனப் பெண்களோடு கலவை மலாயில் பேசிப் பழகியவர்; மொழி தெரியாதவரோடு பேசுவது அவருக்குப் புதிதில்லை. திரையில் நோன்னாவின் முகம் தெரிந்ததும் கை கூப்பிவிட்டு, ரொம்ப நாள் பழகியவரைப் போல, “சாப்பிட்டீங்களாம்மா?” என்று கேட்டார்.

நோன்னா என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்க வேண்டும். பாட்டி கேட்டது என்ன என்று எனக்குத் தெரியும். அதில் வங்கியின் மரியாதை இல்லை. ‘ஆ மஞ்ஜாத்தோ’ என்று சொன்னால் பாட்டி சொன்னது அவருக்குப் போய்ச் சேராது. நான் நோன்னாவின் முகத்தைப் பார்த்து, “ஐ மஞ்ஜாத்தோ?” என்றேன்.

அவர் என் கைமேல் தம் கையை வைத்தார். பிறகு திரையை நோக்கிக் குனிந்து, பாட்டிக்குக் கேட்க வேண்டுமென்று சற்று உரக்க, சாப்பிட்டேன், நீ சாப்பிட்டாயா என்று தூ போட்டுக் கேட்டார். நான் பாட்டியிடம் சொன்னேன்:

“சாப்பிட்டாச்சாம் பாட்டி. நீங்க சாப்பிட்டீங்களான்னு கேக்குறாங்க.”